சட்டம் நிற்கும் வாசற்படி

(காடாம்புலியூரில் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கான கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கரூரைச் சேர்ந்த கணவர் ஒருவர் தன் மனைவியிடமிருந்து விவாகரத்து கேட்டு வழக்குப் போட்டார். அவர் அடுக்கிய குற்றச்சாட்டுகளில் ஒன்று, மனைவி கைப்பேசியில் ஆபாசப் படம் பார்க்கிறாள் என்பது. குடும்பநல நீதிமன்றம் அவருடைய மனுவைத் தள்ளுபடி செய்தது. அவர் மதுரைக்கு மேல்முறையீட்டுக்குப் போனார். 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் ஆர். பூர்ணிமாவும் தீர்ப்பளித்தார்கள். கணவர் சொன்ன எதையும் அவரால் நிரூபிக்க முடியவில்லை. அதோடு, ஒருவர் தனிமையில் அப்படிப்பட்ட படத்தைப் பார்ப்பது மட்டுமே வாழ்க்கைத் துணைக்கு இழைக்கும் கொடுமை ஆகிவிடாது, திருமணமான பெண்ணுக்கும் தன் உடல்மீதும் தன் அந்தரங்கத்தின்மீதும் உரிமை உண்டு என்று நீதிபதிகள் சொன்னார்கள். துணையை வற்புறுத்திப் பார்க்கவைத்தால், அல்லது அந்தப் பழக்கத்தால் தாம்பத்தியக் கடமை தவறினால் அப்போது அது கொடுமை ஆகலாம் என்றும் சொன்னார்கள்.

நாளிதழ்களில் இவ்வளவுதான் பெரிய எழுத்தில் வந்தது. அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருக்கிறது. இந்தப் பழக்கத்துக்கு அடிமையாவது கெடுதலானது, பெண்ணை ஒரு பொருளாக்கி இழிவாகக் காட்டுவதால் ஒழுக்கத்தின் பார்வையில் அதை நியாயப்படுத்தவே முடியாது என்ற கருத்தையும் நீதிபதிகள் எழுதிவைத்திருக்கிறார்கள். ஆனால் ஒழுக்கம் வேறு, சட்டம் வேறு என்று அந்த இடத்தில் நின்றுகொண்டார்கள்.

அவர்கள் அங்கே நின்றது சரி என்றே நான் நினைக்கிறேன். இதை ஒரு கிறிஸ்தவ மேடையில் சொல்வது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். கொஞ்சம் நம் ஊரை நினைத்துப் பாருங்கள். சந்தேகப்படுகிற ஒரு கணவன், மனைவி குளிக்கப் போன நேரத்தில் அவள் கைப்பேசியை எடுத்துத் துழாவுகிறான். எதையோ பார்த்தேன் என்கிறான். அண்ணன் தம்பி, மாமன் மச்சான் எல்லாரையும் கூட்டுகிறான். அத்தனை ஆண்கள் நடுவில் அந்தப் பெண் நிற்க வேண்டும். நீதிமன்றம் அதற்குத் துணைபோக மறுத்தது. படுக்கையறைக் கதவைத் தட்டும் அதிகாரம் அரசுக்கு வந்துவிட்டால் முதலில் அடிபடுவது பெண்தான். ஆகவே சட்டம் வாசற்படியில் நிற்கட்டும்.

ஆனால் நாம் ஆலயத்தில் செய்துகொண்ட உடன்படிக்கை வாசற்படியில் நிற்பதில்லை. சட்டம் செருப்பைக் கழற்றாமல் திரும்பிப் போகிற இடத்தில்தான் அது உள்ளே நுழைகிறது. இன்று நான் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

நம் திருமணங்கள் எப்படி நடக்கின்றன? மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஓலை வாசிக்கிறோம். சில சபைகளில் விவாக அறிவிப்பு என்பார்கள். இன்னாருடைய மகனும் இன்னாருடைய மகளும் மணம் செய்துகொள்ளப் போகிறார்கள், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று ஊரறியக் கேட்கிறோம். பிறகு பீடத்துக்கு முன்பாக இரண்டு பேரும் வாய்விட்டுச் சொல்கிறார்கள், ஒருவரைத் தவிர மற்ற எல்லாரையும் விட்டுவிடுகிறேன் என்று. சிலுவை பொறித்த தாலியைக் கட்டுகிறோம். பதிவேட்டில் சாட்சிகள் கையெழுத்துப் போடுகிறார்கள். இத்தனை வெளிச்சத்தில் தொடங்கிய ஒன்றை, போர்வைக்குள் ஐந்தங்குலத் திரையின் வெளிச்சத்தில் யாருக்கும் தெரியாமல் அறுக்கிறோம். யாரும் சாட்சி இல்லை, யாருக்கும் காயம் இல்லை, இதில் என்ன என்று மனசு சொல்கிறது.

காயம் இருக்கிறது என்று இயேசு சொன்னார். மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில் மலைப் பிரசங்கத்தை வாசித்துப் பாருங்கள். இச்சையோடு ஒரு பெண்ணைப் பார்க்கிறவன் தன் உள்ளத்தில் ஏற்கெனவே விபசாரம் செய்துவிட்டான் என்பது அவருடைய தீர்ப்பு. விபசாரம் என்பதற்கு உலகத்துச் சட்டங்கள் எப்போதும் உடலின் செயலைத்தான் கணக்கில் எடுத்தன. நம் நாட்டில் அது ஒரு குற்றமாக இருந்தது. அதிலும் கணவனின் உரிமையை மட்டும் காக்கிற குற்றமாக இருந்தது. 2018 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் இந்திய தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவையே நீக்கிவிட்டது. கிறிஸ்தவர்களுக்கான 1869ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டம் இன்னும் விசித்திரமாக இருந்தது. மனைவி தவறினால் அது ஒன்றே கணவனுக்குப் போதும். கணவன் தவறினால் மனைவி அதோடு வேறொரு குற்றத்தையும் சேர்த்துக் காட்ட வேண்டும். 2001இல்தான் அதைத் திருத்தினார்கள். ஆணுக்கு ஒரு நீதி, பெண்ணுக்கு ஒரு நீதி என்று நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் நம் சபைக் குடும்பங்கள் அந்தச் சட்டத்தின் கீழ் வாழ்ந்தன. நம்மில் பலர் பெரிதாக ஒன்றும் குரல் எழுப்பவில்லை.

இயேசுவின் சொல்லில் அந்த ஓரவஞ்சனை இல்லை. பெண் எப்படி உடுத்தினாள், ஏன் அங்கே வந்தாள், ஏன் சிரித்தாள் என்று அவர் கேட்கவில்லை. பார்க்கிறவனுடைய கண்ணைத்தான் பிடித்தார். கண் இடறல் செய்தால் அதைப் பிடுங்கிப் போடு என்று, கேட்டவர்கள் நடுங்கும்படி பேசினார். பார்ப்பது என்பது சும்மா நடந்துபோகிற ஒன்று என்று நினைத்திருந்தவர்களுக்கு, அது நீ செய்கிற செயல், அதற்கு நீதான் பொறுப்பு என்று சொன்னார்.

தாவீதின் கதை உங்களுக்குத் தெரியும். இரண்டாம் சாமுவேல் பதினோராம் அதிகாரம். படையெல்லாம் போருக்குப் போயிருக்கிறது, ராஜா அரண்மனையில் தங்கிவிட்டார். சாயங்காலம் படுக்கையை விட்டெழுந்து மாடியில் உலாவுகிறார். ஒரு பெண் குளிப்பதைப் பார்க்கிறார். யார் அவள் என்று விசாரிக்க ஆள் அனுப்புகிறார். வந்த பதிலை நாம் வேகமாக வாசித்துக் கடந்துவிடுகிறோம். அவள் பெயர் பத்சேபாள், எலியாமின் மகள், ஏத்தியனான உரியாவின் மனைவி. கண்ணுக்கு வெறும் உடலாகப் பட்டவளுக்கு ஒரு பெயர் இருக்கிறது, பெற்றெடுத்த அப்பா இருக்கிறார், கட்டிய கணவன் இருக்கிறான், அந்தக் கணவன் தாவீதுக்காகவே போர்முனையில் நிற்கிறான். அந்த மூன்று சொல்லும் காதில் விழுந்த பிறகும் அவர் நிறுத்தவில்லை. பின்னால் நடந்த பொய், சூழ்ச்சி, உரியாவின் சாவு, பிறந்த குழந்தையின் சாவு எல்லாம் அங்கிருந்துதான் இறங்கி வந்தன.

இன்று திரையில் வருகிற பெண்ணைப் பற்றி அந்த மூன்று சொல்லைச் சொல்லக்கூட யாரும் இல்லை. இந்த வியாபாரம் முதலில் அழிப்பதே அதைத்தான். அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் 22 பெண்கள் ஒரு நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தார்கள். மாடலிங் வேலை என்று விளம்பரம் பார்த்துப் போனவர்கள். படம் இணையத்தில் வராது, வெளிநாட்டில் குறுந்தகடாக மட்டும் போகும் என்று சொல்லி ஏமாற்றப்பட்டவர்கள். 2020 ஜனவரியில் நீதிமன்றம் அவர்களுக்கு ஒரு கோடியே இருபது லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு வழங்கச் சொன்னது. அதே ஆண்டு டிசம்பரில் உலகத்தின் மிகப் பெரிய ஆபாசத் தளங்களில் ஒன்று, யார் ஏற்றினார்கள் என்றே தெரியாத படங்களைக் கூட்டமாக நீக்க வேண்டி வந்தது. சிறுமிகளின் படங்களும், பலாத்காரம் செய்யப்பட்டவர்களின் படங்களும் அதில் ஓடுகின்றன என்று ஒரு பத்திரிகையாளர் எழுதியதும், பணப் பரிமாற்றம் செய்துகொடுத்த அட்டை நிறுவனங்கள் கையை விலக்கிக்கொண்டதும்தான் காரணம். அதுவரை அந்தப் படங்களை எத்தனை வீடுகளில் எத்தனை கணவன்மார்கள் பார்த்திருப்பார்கள்!

தூர தேசத்துக் கதை என்று விட வேண்டாம். 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு பெண் வழக்கறிஞர் வந்தார். கல்லூரிக் காலத்தில் பழகியவன் அவருக்குத் தெரியாமல் எடுத்த அந்தரங்கக் காட்சிகள் இணையத்தில் பரவிவிட்டன. ஒரு தளத்தில் நீக்கினால் இன்னொன்றில் முளைக்கிறது. 48 மணி நேரத்துக்குள் அவற்றை முடக்க வேண்டும் என்று நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் மத்திய அரசுக்கு உத்தரவிட்டார். சட்டம் படித்த, நீதிமன்றத்தில் வாதாடுகிற ஒரு பெண்ணுக்கே இந்தப் பாடு என்றால், முந்திரிக் கம்பெனிக்கு வேலைக்குப் போகிற பெண்ணுக்கு யார் துணை? பார்ப்பவர்கள் இப்படிப்பட்டவற்றை ‘நம்ம ஊர் வீடியோ’ என்று தேடித்தேடிப் பார்க்கிறார்கள். தம்பிமாரே, கேளுங்கள். திரையில் இருப்பவள் சம்மதித்தாளா, மிரட்டப்பட்டாளா, அவளுக்குப் பதினெட்டு வயது ஆகிவிட்டதா என்று அறிய உங்களுக்கு ஒரு வழியும் கிடையாது. அறிய முடியாத ஒன்றை அறிய வேண்டாம் என்று முடிவு செய்துகொண்டுதான் பார்க்கிறீர்கள்.

சிறுவர்கள் சம்பந்தப்பட்ட படங்களில் சட்டம் வாசற்படியில் நிற்பதில்லை. அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அம்பத்தூரில் பதிவான ஒரு வழக்கில், தனியாகத் தரவிறக்கிப் பார்ப்பது குற்றமாகாது என்று 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அந்த ஆண்டு செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இப்படங்களை இனி ‘குழந்தை ஆபாசப் படம்’ என்றே அழைக்காதீர்கள், அது குழந்தைமீது நடந்த கொடுமையின் பதிவு என்றும் சொன்னது. வாட்ஸ்ஆப் குழுவில் வந்தது, சும்மா அனுப்பினேன் என்ற பேச்சு காவல் நிலையத்தில் எடுபடாது.

முன்பெல்லாம் இது இவ்வளவு எளிதாகக் கைக்கு வரவில்லை. பிட்டுப் படம் பார்க்க ஆசைப்பட்டவர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு யாருக்கும் தன்னைத் தெரியாத ஊர்த் தியேட்டருக்குப் போனார். டிக்கெட்டுக்குக் காசு வேண்டும், பஸ்ஸுக்குக் காசு வேண்டும். கொட்டகைக்கு வெளியே அத்தைப் பையன் நின்றுவிட்டால் மானம் போய்விடும். அந்தப் பயம் நல்ல பயம் என்று நான் சொல்லவில்லை, ஆனால் அது பலரைத் தடுத்தது. 1998இலேயே ஆல் கூப்பர் என்ற உளவியலாளர் இணையத்தின் பலம் மூன்றில் இருக்கிறது என்று எழுதினார்: எந்த நேரமும் கிடைப்பது, செலவில்லாமல் கிடைப்பது, பார்ப்பவர் யார் என்று தெரியாமல் போவது. நமக்கு அந்த மூன்றும் ஒன்றாக வந்து சேர்ந்தது 2016 செப்டம்பரில், ஜியோ வந்து டேட்டாவை மலிவாக்கியபோது. மீதி இருந்ததை 2020இன் ஊரடங்கு செய்து முடித்தது. ஆன்லைன் வகுப்புக்காக வீட்டுக்கு வீடு கைப்பேசி வாங்கினோம். அரசு தளங்களை முடக்கிப் பார்க்காமல் இல்லை. 2015இல் 857 தளங்களை முடக்கச் சொல்லி, எதிர்ப்பு வந்ததும் சில நாளிலேயே பின்வாங்கினார்கள். 2018இல் உத்தரகாண்ட் உயர் நீதிமன்றம் கண்டித்த பிறகு 827 தளங்களை முடக்கினார்கள். முடக்கிய தளம் ஓரெழுத்து மாறி மறுபடி வந்தது.

இனி வீட்டுக்குள் வருவோம். நான் அதிகம் பேச நினைப்பது இதைத்தான்.

இந்தப் பக்கத்துப் பெண்களின் கைகளைப் பார்த்திருப்பீர்கள். முந்திரிக் கொட்டை உடைக்கிற கைகள். சாம்பலைத் தொட்டுத் தொட்டு உடைத்தாலும் ஓட்டின் எண்ணெய் விடாது. விரல் நுனி கறுத்து, தோல் உரிந்து, ரேகை மழுங்கிப் போயிருக்கும். பகலெல்லாம் குந்தியிருந்து உடைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து உலை வைத்து, பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டுப் பாயில் சாய்கிறாள் ஒரு மனைவி. பக்கத்தில் படுத்திருப்பவர் இரவு பத்து மணியிலிருந்து வேறு உடல்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வெளிச்சம் போட்டு, பூச்சுப் பூசி, அலுப்பில்லாமல், மறுப்பில்லாமல், மாதவிலக்கில்லாமல், பிரசவத் தழும்பில்லாமல் காட்டப்படுகிற உடல்கள். அந்தக் கண்ணோடு இவளைத் திரும்பிப் பார்த்தால் என்ன தெரியும்? அவள் ஒரு வார்த்தையும் கேட்கமாட்டாள். ஆனால் தான் அளக்கப்படுகிறோம் என்பது அவளுக்குத் தெரியும். எதோடு அளக்கப்படுகிறோம் என்பது மட்டும்தான் சில காலம் தெரியாமல் இருக்கும்.

என்னிடம் ஆலோசனைக்கு வருகிற சகோதரிகள் பெரும்பாலும் இந்தப் படங்களைப் பற்றிப் புகார் சொல்லி வருவதில்லை. “என்னைப் பார்க்கவே மாட்டேங்கிறார்” என்றுதான் தொடங்குவார்கள். அல்லது தலையைக் குனிந்துகொண்டு, “படத்துல பார்த்ததை எல்லாம் செய்யச் சொல்றார்” என்பார்கள். இதற்கு வேத வசனம் வேறு எடுத்துக்காட்டுகிறார்கள் சில கணவர்கள், மனைவியின் சரீரத்துக்குக் கணவன்தான் அதிகாரி என்று. அந்த வசனத்தை முழுவதும் வாசியுங்கள் ஐயா. முதல் கொரிந்தியர் ஏழாம் அதிகாரத்தில் பவுல் அதை எழுதிய கையோடு, அதே அளவில், கணவனின் சரீரத்துக்கு மனைவி அதிகாரி என்றும் எழுதினார். அந்தக் காலத்துக் கொரிந்துப் பட்டணத்தில் அப்படி ஒரு வாக்கியத்தை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். உம்முடைய கண்ணும் உம்முடைய சரீரம்தான். அதை எங்கே திருப்பலாம் என்பதில் அவளுக்கும் சொல் உண்டு.

வெளிநாட்டுக்குப் போன கணவர்களின் நிலை வேறு. நம் மாவட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போய் இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் வருகிறவர்கள் நிறையப் பேர். ஓர் அறையில் எட்டுப் பேர், வேலை முடிந்தால் கைப்பேசியைத் தவிர வேறு துணையில்லை. அவர்கள்மேல் கல்லெறிய எனக்கு மனம் வரவில்லை. ஆனால் லீவுக்கு வந்து இறங்குகிறவரை ஆசையோடு எதிர்பார்த்திருந்த மனைவி, முப்பது நாளில் ஓர் அந்நியனை வழியனுப்பிவைத்ததுபோல உணர்ந்தேன் என்கிறாள். அந்தத் தனிமை இந்தப் பக்கமும் இருக்கிறது. மனைவிமார் பார்ப்பதில்லை என்று நாம் நடிக்க வேண்டாம். பெண் பார்த்தால் அது அசிங்கம், ஆண் பார்த்தால் அது ஆம்பளைக் குணம் என்று பேசுகிறவர்கள் மலைப் பிரசங்கத்தை இன்னொரு தரம் கேட்க வேண்டும்.

அமெரிக்காவில் சாமுவேல் பெரி, சைரஸ் ஷ்லைஃபர் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் 2018இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மணமானவர்களைச் சில ஆண்டு இடைவெளியில் மறுபடி மறுபடி கேட்டுத் திரட்டிய விவரம் அது. இடையில் இப்படங்களைப் பார்க்கத் தொடங்கியவர்களில் விவாகரத்து ஆகும் வாய்ப்பு 6 சதவீதத்திலிருந்து 11 சதவீதமாக, ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது. படம்தான் காரணம் என்று இது நிரூபித்துவிடாது. ஏற்கெனவே கசந்துபோன மணவாழ்வில் ஒருவர் படத்தைத் தேடியிருக்கலாம். ஆனாலும் இரண்டும் கைகோத்து நடக்கின்றன. நம் ஊரில் இப்படி எண்ணிப் பார்த்தால் ஒன்றும் பிடிபடாது. ஏனென்றால் நாம் பிரிவதில்லை. ஒரே கூரைக்குக் கீழே, ஒரே ரேஷன் அட்டையில், முப்பது வருஷம் பேசாமல் இருக்கிறோம்.

மூளை அழுகிவிடும், குழந்தை பிறக்காது என்றெல்லாம் மேடைக்கு மேடை பயமுறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அதை நான் செய்யமாட்டேன். தெரிந்தது இவ்வளவு: 2014இல் கேம்பிரிட்ஜில் வாலரி வூன் தலைமையில் நடந்த ஓர் ஆய்வில், இந்தப் பழக்கத்தை விடமுடியாமல் தவித்தவர்களின் மூளை, இப்படங்களின் தூண்டுதலுக்கு, போதைக்கு அடிமையானவரின் மூளை போதைப்பொருளைக் கண்டு கிளர்வதை ஒத்த விதத்தில் கிளர்ந்தது. உலக சுகாதார நிறுவனம், கட்டுப்படுத்த முடியாத பாலியல் நடத்தையைத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்து, அது 2022இல் நடைமுறைக்கு வந்தது. ஆகவே சிலருக்கு இது சிகிச்சை தேவைப்படுகிற நிலை. எல்லாருக்கும் அல்ல. ஜோஷுவா கிரப்ஸ் என்ற உளவியலாளர் இன்னொன்றைக் கண்டார். பக்தியுள்ளவர்கள் கொஞ்சமாகப் பார்த்தாலும், தாங்கள் அடிமையாகிவிட்டோம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். குற்ற உணர்வு அவ்வளவு பாரமாக இருக்கிறது.

இந்தப் பாரத்தை ஏற்றியதில் நம் சபைக்குப் பங்கு உண்டு. குடியை எதிர்த்துப் பேசுகிறோம். வரதட்சணையை எதிர்த்துச் சில நேரம் பேசுகிறோம். இதைப் பற்றிப் பேசினால் பீடம் தீட்டாகிவிடும் என்பதுபோல வாயை மூடிக்கொள்கிறோம். அப்புறம் ஒருவன் மாட்டிக்கொண்டால் மட்டும் வாலிபர் சங்கத்திலிருந்து நீக்கு, பாடகர் குழுவிலிருந்து நீக்கு என்கிறோம். அவனைப் பார்த்து மற்றவர்கள் கற்றுக்கொள்வது, ஒளித்துவைக்க வேண்டும் என்பதைத்தான். மனைவி வந்து அழுதால், “நீ அவரை நல்லா கவனிச்சுக்கம்மா” என்று அனுப்பிவிடுகிறோம். அவளுடைய கவனிப்பில் குறை இருந்ததால் அவர் கெட்டுப்போனார் என்று அதற்கு அர்த்தம். இதைச் சொன்ன பெரியவர்கள் இந்த அரங்கத்திலும் இருப்பீர்கள். இனிமேல் சொல்லாதீர்கள்.

யோவான் எட்டாம் அதிகாரத்தில் ஒரு பெண்ணை இழுத்துவந்து நடுவில் நிறுத்துகிறார்கள். ஆண்கள் வட்டம் போட்டு நிற்கிறார்கள். எல்லாக் கண்களும் அவள்மேல். இயேசு குனிந்து தரையில் விரலால் எழுதிக்கொண்டிருந்தார். என்ன எழுதினார் என்று வியாக்கியானக்காரர்கள் ஆயிரம் சொல்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது, எல்லாரும் அவளை வெறித்துக்கொண்டிருந்தபோது அவர் ஒருவர்தான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார் என்பது. கூட்டம் கலைந்து, அவள் ஒரு மனுஷியாக நிற்க இடம் கிடைத்த பிறகுதான் நிமிர்ந்து அவளோடு பேசினார். அவளை ஆக்கினைக்குள்ளாகத் தீர்க்கவும் இல்லை, நடந்தது ஒன்றுமில்லை என்று சொல்லவும் இல்லை. இந்தப் பாவத்தில் விழுந்த ஆணிடமும் பெண்ணிடமும் சபை இந்த இரண்டையும் சேர்த்தே செய்யவேண்டும்.

இந்தப் பழக்கத்தில் இருக்கிறவர் முதலில் அதை வாய்திறந்து இன்னொரு மனிதரிடம் சொல்ல வேண்டும். ஜெபத்தில் மட்டும் சொல்லி எழுந்துபோனவர்கள் பலரை நான் அறிவேன், மறுபடி விழுந்திருக்கிறார்கள். யாக்கோபு தன் நிருபத்தில் ஒருவருக்கொருவர் குற்றங்களை அறிக்கையிடச் சொல்கிறார். கத்தோலிக்கருக்குப் பாவசங்கீர்த்தனம் இருக்கிறது. மற்ற சபைகளில் ஆயரிடமோ, நம்பகமான ஒரு மூத்த சகோதரனிடமோ சொல்லுங்கள். வாரம் ஒரு தரம் “எப்படி இருக்கே, தம்பி?” என்று உங்களைக் கேட்கும் உரிமையை அவருக்குக் கொடுங்கள். கைப்பேசிக்குச் சார்ஜ் போடும் இடத்தைக் கூடத்துக்கு மாற்றுங்கள், எல்லாருடைய கைப்பேசிக்கும் சேர்த்து. மகனுக்குச் சட்டம் போட்டுவிட்டு அப்பா படுக்கைக்கு எடுத்துப்போனால் அவன் உங்களைத்தான் பின்பற்றுவான்.

மனைவியிடம் சொல்ல வேண்டுமா என்று கேட்பார்கள். சொல்ல வேண்டும். ஆனால் உன் மனப்பாரத்தை இறக்கிவைக்க அவள் தலையில் எல்லா விவரத்தையும் கொட்டாதே. உண்மையைச் சொல், விவரத்தை விட்டுவிடு, அவள் கேட்டால் பொய் சொல்லாதே. அவள் கோபப்படுவாள், அழுவாள், நாள்கணக்கில் பேசாமல் இருப்பாள். மன்னித்துவிடு என்று அவளை அவசரப்படுத்த உனக்கு உரிமை இல்லை, ஆயருக்கும் இல்லை.

கண்டுபிடித்த மனைவிக்கோ கணவனுக்கோ சொல்ல என்னிடம் இருப்பது யோசேப்பின் கதை. இதே மாவட்டத்தில், விருத்தாசலம் பக்கம், கோணான்குப்பத்தில் வீரமாமுனிவரின் பெயரோடு சேர்ந்து நிற்கிற பெரியநாயகி அன்னையின் ஆலயத்துக்குப் போயிருப்பீர்கள். அந்த முனிவர் 1726இல் முடித்த தேம்பாவணியில் 3,615 பாடல்கள். அத்தனை பெரிய காப்பியத்துக்கு அவர் ஒரு ராஜாவைத் தலைவனாக்கவில்லை. தச்சுவேலை செய்த ஒரு கணவனை, யோசேப்பை, வளன் என்று பெயரிட்டுத் தலைவனாக்கினார். அந்த யோசேப்புக்கு மரியாள்மீது தன் கண்ணில் பெரிய காரணம் இருந்தது. ஊரைக் கூட்டியிருக்கலாம். சட்டமும் அவர் பக்கம் இருந்தது. மத்தேயு எழுதுகிறார், அவர் நீதிமானாக இருந்தபடியால் அவளை அவமானப்படுத்த மனதில்லாமல் இருந்தார் என்று. அவருக்கு உண்மை முழுவதும் தெரியாத நேரத்தில் எடுத்த முடிவு அது. ஆகவே ஆதாரம் கிடைத்ததும் படமெடுத்துக் குடும்பக் குழுவில் போடாதீர்கள். பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். ஆனால் தனியாகவும் சுமக்காதீர்கள். நம்பிக்கையான ஒரு பெண்ணிடம், ஓர் ஆயரம்மாவிடம் சொல்லுங்கள். கணவர் அடித்தாலோ, வற்புறுத்தினாலோ, உங்களை அந்தரங்கமாகப் படமெடுத்தாலோ அது அமைதியாகப் பேசித் தீர்க்கும் காரியம் அல்ல. அப்போது 181க்குக் கூப்பிடுங்கள். படம் வெளியே போய்விட்டால் 1930க்குக் கூப்பிடுங்கள். சட்டம் அப்போது உள்ளே வரும், வர வேண்டும்.

இங்கே உட்கார்ந்திருக்கிற பையன்களிடம் ஒரு வார்த்தை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் யாரோ காட்டி நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது உங்கள் குற்றமாகத் தொடங்கவில்லை. ஆண் பெண் உறவு இப்படித்தான் என்று அது உங்களுக்குக் கற்றுக்கொடுத்தது பொய். அப்பாவிடம் கேளுங்கள். அப்பாமாரே, அவன் கேட்கும்போது பெல்ட்டைத் தேடாதீர்கள்.

நிறுத்தவே முடியவில்லை, வேலைக்கு லீவு போட்டுப் பார்க்கும் அளவுக்கு, தூக்கம் கெடும் அளவுக்குப் போய்விட்டது என்றால் மனநல மருத்துவரிடம் போங்கள். போவதால் விசுவாசம் குறைந்துவிடாது. டெலி-மானஸ் என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய இலவச மனநல உதவி எண் 14416, தமிழில் பேசலாம். ஊரில் தெரிந்துவிடும் என்று பயந்தால் சிதம்பரத்துக்குப் போங்கள், அண்ணாமலைநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. புதுச்சேரியில் ஜிப்மரும் இருக்கிறது. காலையிலேயே போய்ச் சீட்டு வாங்கிவிடுங்கள். மனைவி கூட வருகிறேன் என்றால் அழைத்துக்கொண்டு போங்கள், வெளியே உட்காரவைக்காமல்.